கல்லுக்குள் இருந்த வடக்கு

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்குத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் போன காலம். தொண்ணூறுகளின் தொடக்கம். வெள்ளகோவில் பக்கம் ஒரு கிணறு வெட்டிக்கொண்டிருந்தோம். அறுபதடி ஆழத்தில், வெளிறிய பாறைக்கு நடுவே கறுப்பாக ஒரு பட்டை குறுக்கே ஓடியது. அதைத் தேடிப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார்.

அவரோடு பேச எனக்குக் கூச்சம். ஆனால் உதவ ஆசை. கடப்பாரையால் நல்ல துண்டாக ஒன்றைப் பெயர்த்து, கிரேன் வாளியில் மேலே அனுப்பினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, நல்ல கல்லுதான். ஆனா எந்தப் பக்கம் பார்த்து இருந்துச்சுன்னு இனி எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பிறகு அவரே வாளியில் இறங்கி வந்து சொன்னார். பூமிக்கடியில் உருகிய குழம்பு வெடிப்பு வழியே ஏறி இறுகிய கல் அது. ஆறும்போது உள்ளிருந்த இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கைப் பிடித்துக்கொண்டனவாம். பல இடத்துக் கற்களை இப்படிச் சேர்த்துப் பார்த்தால், இந்த நிலம் அப்போது எங்கே இருந்தது, எவ்வளவு திரும்பியது என்று சொல்லலாமாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கூச்சம் போன இடம் தெரியவில்லை.

"நம்ம காடு தோட்டமெல்லாம் நகந்து வந்துச்சுங்களா?"

"தோட்டம் மட்டுமா? மொத்த நாடும்தான்."

மேலே கிடக்கும் கற்களில் இடி இறங்கிப் பழைய திசை கலைந்திருக்கலாம். அதனால் அவருக்கு ஆழத்துக் கல் வேண்டும். காந்த முள்ளையும் நம்ப முடியாது, அந்தக் கல்லே அதை இழுத்துவிடும். நிழலை வைத்துத்தான் திசை குறிக்க வேண்டும். கிணற்றடிக்கு வெயில் இறங்குவதோ நடுப்பகலில் சற்று நேரம். சாப்பாட்டுக்குப் பிறகு வெடி. வெடித்தால் பட்டை சிதறிவிடும். அவரும் அன்று மாலையே ஊர் திரும்புகிறார்.

உச்சி நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது.

வெடிக்காரர் மேலிருந்து கூப்பிட்டார். "ஏனுங் அம்மிணி, கல்லுக்கு ஜாதகம் கணிக்கறீங்களா? பொறந்த நேரம் தெரியுமுங்களா?"

"அதையும்தாங்க தேடிட்டிருக்கோம்," என்றார் அவர், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். நானும் அண்ணாந்தபடியே நின்றேன். கழுத்து வலித்தது.

சட்டென வெயில் விழுந்தது. அவர் கல்லின் மேல் வைத்திருந்த தட்டில், நடுவே நிறுத்தியிருந்த ஊசியின் நிழல் மெல்லிய கோடாகத் தெரிந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக் கோடு கிழித்து, கல்லின் மேலேயே வடக்கு நோக்கி அம்புக்குறி போட்டார். கோடு சேதமாகாமல் உளியால் கல்லைப் பெயர்த்து எடுத்தேன்.

அவர் முதலில் ஏறினார். அடுத்து நான், கல்லை மார்போடு அணைத்துக்கொண்டு. பாதி வழியில் வாளி சுழல ஆரம்பித்தது. அம்பு கிழக்கே போனது. பதறிப்போய் வாளிக்குள்ளேயே எதிர்ப்பக்கமாகக் காலை மாற்றி மாற்றித் திரும்பினேன்.

"அண்ணா, என்ன பண்றீங்க?"

"வடக்கு மாறிப்போயிருமுங்களே!"

வெடிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. "கோடு கல்லு மேலேயே இருக்குண்ணா. இனி ராட்டினத்துல வச்சுச் சுத்தினாலும் ஒண்ணும் ஆகாது."

சரிங்க என்றேன். ஆனாலும் ஜீப்பில் வைக்கும்போது, வடக்குப் பார்த்தே வைத்தேன்.