சந்தனம் பூசிய இசைத்தட்டு

இலஞ்சியில் கல்யாண ஊர்வலம் வருகிறதென்றால் அந்தத் தெருவில் ஒரு வீட்டுக் கதவு மட்டும் சாத்தப்படும். ஊர்வலத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் வேகமாக நடந்து வந்து, "யக்கா, மாப்ள வாறாவ. கதவச் சாத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த வீட்டில் இருந்தவர் விதவை. மாப்பிள்ளைக்கு எதிரே அவர் முகம் தெரியக் கூடாது. வள்ளித்தாய் மறுபேச்சில்லாமல் கதவைச் சாத்துவார். சற்று நேரத்தில், காரின் தலையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் தெருமுனையில் திரும்பும். அதிலிருந்து ஒரு பெண் குரல் பாடிக்கொண்டு வரும்.

"சாரலே சற்று நில்லாயோ - என்
சாமி வரும் வழி நனையாமல்..."

சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த வள்ளித்தாயின் குரல்தான் அது.

குரல் தெருவில் போனால் மங்கலம். குரலுக்கு உரியவர் வாசலில் நின்றால் அமங்கலம். இந்தக் கணக்கைப் போட்டவன் யாரென்று தெரியவில்லை. ஊர் அதைச் சரிபார்க்காமலே கையெழுத்துப் போட்டிருந்தது.

வள்ளித்தாய் பிறந்தது இலஞ்சியில்தான். தென்காசிக்கு வந்து கொட்டகை போட்ட நாடகக் கம்பெனி ஒன்று அவரைச் சிறுமியாக இருந்தபோதே அழைத்துக்கொண்டு போயிற்று. வள்ளித்தாய் என்பது வயக்காட்டுப் பேர் என்று சொல்லி, கம்பெனி முதலாளி 'குற்றாலம் விஜயம்' என்று மாற்றி வைத்தார். கதாநாயகி வேடத்தில் அவர் ஊர் ஊராகப் போனார். சென்னைக்குப் போய் ஓரிரு சினிமாப் படங்களில் இளவரசிக்குத் தோழியாக நின்றார். ஒரு நாடகத்தில், காதலனுக்காக மலையடிவாரத்தில் காத்திருக்கும் பெண் மழையிடம் கெஞ்சுகிற கட்டம் வரும். அந்தப் பாட்டைத்தான் இசைத்தட்டாகப் போட்டார்கள். தட்டின் நடுவில் ஒட்டிய வட்டக் காகிதத்தில் 'குற்றாலம் விஜயம்' என்று அச்சாகியிருந்தது.

கம்பெனியில் ஹார்மோனியம் வாசித்தவரை அவர் மணந்துகொண்டார். ருக்மிணி பிறந்தாள். அவளுக்குப் பேச்சு வருவதற்குள் ஹார்மோனியக்காரர் காசநோயில் இறந்துபோனார். துக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, தாலி அறுத்தவள் மேடையில் தாலி கட்டிக்கொள்கிற வேடம் போட்டால் ஜனங்கள் ஒப்பமாட்டார்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதே கம்பெனியில் கதாநாயகனாக நடித்தவருக்கு மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அவர் அன்றைக்கும் மேடையில் மாலை மாற்றினார். கை தட்டினார்கள்.

வள்ளித்தாய் குழந்தையுடன் இலஞ்சிக்குத் திரும்பினார். அவருடைய அண்ணன் பரமசிவன் ஐந்தருவியில் சீசனுக்குக் கடை போடுகிறவர். கடையில் ஒரு மூலையில் சீயக்காய்ப் பொடியும் எண்ணெயும் விற்கிற வேலை வள்ளித்தாய்க்கு. பக்கத்து டீக்கடை ரேடியோவில் எப்போதாவது அந்தப் பாட்டு வரும். ஈரத் துண்டோடு நிற்கும் வெளியூர்க்காரர்கள் கூடவே முணுமுணுப்பார்கள். இரண்டாவது அடியில் தம் சுருதி இறங்குகிறதே என்று நினைத்தபடி வள்ளித்தாய் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்.

சாரல் காலத்து முகூர்த்தங்களில் மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கும்போது தலையில் தூறல் விழத்தான் செய்யும். சாமி வரும் வழி நனையாமல் நில்லென்று மழைக்குச் சொல்கிற பாட்டு அந்த நேரத்துக்குப் பொருத்தமாக இருந்திருக்கிறது. முதலில் யாரோ போட்டார்கள். அப்புறம் எல்லோரும் போட்டார்கள். பிறகு அது சடங்காகிவிட்டது. தென்காசி வட்டாரத்தில் 'சாரலே' ஒலிக்காமல் மாப்பிள்ளை பெண் வீட்டுப் படியேறினால் குடும்பம் விளங்காது என்று சொல்லும் அளவுக்குப் போய்விட்டது. பாட்டு எழுதியவன் கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.

எழுபத்து நாலாம் ஆண்டு ஆவணியில் ருக்மிணிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை குற்றாலிங்கம் ராணுவத்தில் இருந்தான், லீவில் வந்திருந்தான். அவனுடைய அப்பா சங்கரபாண்டி செங்கோட்டையில் மரக்கடை வைத்திருந்தார். பெண்ணின் தாய் விதவை என்பது அவருக்குத் தெரியும். நாடகத்தில் நடித்தவர் என்பது தெரியாது.

"கேட்டாத்தான சொல்லணும்," என்றார் பரமசிவன். "நீ கலியாணத்தன்னைக்குப் பின்னால அரங்கு வீட்ல இருந்துக்க. தாரவார்க்கது நானும் உன் மதினியும் பாத்துக்கிடுதோம். தாலி கட்டி முடிஞ்சு, எல்லாரும் சாப்பிட உக்காந்தப்பறம் வந்து பிள்ளையப் பாரு."

"அவ கழுத்துல தாலி ஏறுதத நான் பாக்கக் கூடாதா?"

"ஊர் வழக்கம் அதான. நானா வச்சேன்?"

ஊர் வழக்கத்தை யாரும் வைப்பதில்லை. எல்லோரும் அதைக் காவல் மட்டும் காப்பார்கள்.

கல்யாணத்தன்று காலையில் வீட்டு முன்னால் பந்தலும் வாழை மரமும் இருந்தன. பாட்டுப் போடும் ரேடியோ செட் தென்காசி ஒலி முகம்மதுவுடையது. அவர் இளவட்டமாக இருந்தபோது வள்ளித்தாயின் நாடகங்களுக்கு லைட் கட்டியவர். தட்டில் உள்ள பேர் யாருடையது என்று அறிந்த சிலரில் ஒருவர். அன்றைக்கு அந்தத் தட்டை ஒரு துணியில் சுற்றித் தனியாக எடுத்து வந்திருந்தார்.

மாப்பிள்ளையின் கார் வருவதற்குச் சற்று முன்பே அவனுடைய அக்காள் உச்சிமாகாளி தாம்பாளத்தோடு வந்து சேர்ந்தாள். எதைக் கண்டாலும் பொட்டு வைக்கிறவள். வாசல் நிலைக்கு வைத்தாள், ஆட்டுக்கல்லுக்கு வைத்தாள். ரேடியோ செட்டுக்கு முன்னால் நின்றாள்.

"அந்தப் பாட்டு எதுல இருக்கு?"

"இதுலதான்," என்று ஒலி முகம்மது தட்டைக் காட்டினார். அதற்குள் ஒயர் சரியில்லை என்று யாரோ கூப்பிட, வாழை மரத்துப் பக்கம் போனார்.

திரும்பி வந்து பார்த்தபோது தட்டின் மேல் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம் பட்டையாகப் பூசியிருந்தது. அதன் மேல் ஐந்து இடத்தில் குங்குமம்.

"எம்மா, என்ன செஞ்சிட்டிய?"

"என்னத்தச் செஞ்சிட்டேன்? மங்கலப் பாட்டுன்னா மொட்டையாவா போடுவாவ?"

தெருமுனையில் கார் சத்தம் கேட்டது. வேறு வழியில்லாமல் ஒலி முகம்மது துணியால் துடைத்துவிட்டு ஊசியை வைத்தார். தட்டின் வரிகளுக்குள் சந்தனம் இறங்கியிருந்தது. தொண்டையில் முள் சிக்கிய பூனை மாதிரி ஒரு சத்தம் வந்து ஊசி வழுக்கிக்கொண்டு போயிற்று. "வென்னிய ஊத்திக் கழுவு, போயிரும்" என்று உச்சிமாகாளியே தட்டைப் பிடுங்கி, அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரை அவர் தடுப்பதற்குள் ஊற்றிவிட்டாள். சந்தனம் போயிற்று. தட்டு சூட்டில் இளகி, பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது.

உச்சிமாகாளி கையைத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "அபசகுனமால்லா இருக்கு. இந்த வீட்ல என்னமோ தோஷம் இருக்கு."

வெந்நீர் ஊற்றிய கை அவளுடையது. தோஷம் மட்டும் பெண் வீட்டினுடையது.

காரிலிருந்து மாப்பிள்ளை இறங்கவில்லை. சங்கரபாண்டி மட்டும் இறங்கி வந்தார். "என்னவேய் பாயி, பாட்டு எங்க? எங்க குடும்பத்துல அது கேக்காம ஒரு மாப்ளயும் படி ஏறுனதில்ல."

"வேற தட்டுக்குத் தென்காசிக்குத்தான் போவணும், மொதலாளி. இன்னைக்கு முகூர்த்த நாளு. எல்லாச் செட்டும் வெளிய போயிருக்கும்."

"அப்பம் முகூர்த்தம் தப்பிருமே."

"வேற நாள் பாப்போம்பா," என்றாள் உச்சிமாகாளி.

"அவன் லீவு முடியப் போவுது. எந்த நாளப் பாக்கச் சொல்லுத?"

பெண்ணுக்கு வேறு இடம் பார்க்கச் சொல்லிவிடுவார்களோ என்று பரமசிவனின் முகம் வெளுத்தது. ஒலி முகம்மது அவர் தோளைத் தொட்டுப் பின்பக்கம் கூட்டிப் போனார். நெல்லும் பாத்திரமும் வைக்கிற இருட்டறைதான் அரங்கு வீடு. கதவை லேசாகத் திறந்தார். வள்ளித்தாய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"யக்கா, தட்டு போச்சு."

"கேட்டுது."

"மைக்க இந்தச் சன்னல் வழியா நீட்டுதேன். இங்கன இருந்தே பாடிருங்க. ஒரு பயலுக்கும் தெரியாது. தட்டுன்னே நெனச்சிக்கிடுவானுவ."

வள்ளித்தாய் சன்னலைப் பார்த்தார். ஒரு சாண் அகலச் சன்னல்.

"இத்தன வருசமா அப்பிடித்தான பாயி பாடிக்கிட்டு இருக்கேன், ஒருத்தர் கண்ணுலயும் படாம? பாட்டு வேணும்னா நான் அங்கன வந்து உக்காந்து பாடுதேன். இங்கன இருந்து பாட மாட்டேன்."

"ஏட்டி, பிள்ள கலியாணத்தக் கெடுத்துராத," என்றார் பரமசிவன்.

"நான் எங்க கெடுத்தேன்? சந்தனம்லா கெடுத்துச்சு."

"நீ யாருன்னு தெரிஞ்சா அவிய காரத் திருப்பிக்கிட்டுப் போயிருவாவ."

அதுதான் வள்ளித்தாயின் நெஞ்சிலும் இருந்த பயம். தம் ஒருவரின் ஆசைக்காக மகளின் வாழ்க்கையைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை இல்லை. "ருக்மிணிட்ட கேளு. அவ இங்கன இருந்தே பாடுன்னு சொன்னா, பாடிருதேன்" என்றார்.

கேட்கப் போக வேண்டியிருக்கவில்லை. பக்கத்து அறையில் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்த ருக்மிணிக்கு எல்லாம் கேட்டிருந்தது. மணப்பெண் அந்த நேரத்தில் அறையை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தாள். அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வாங்கம்மா. அவரு திரும்பிப் போனாப் போட்டும். சின்னப் பிள்ளையில இருந்து நானும் உங்ககூடக் கதவுக்குப் பின்னால நின்னவதான."

வெள்ளைச் சேலையோடு வள்ளித்தாய் பந்தலுக்குள் வந்தார். ஒலி முகம்மது ஒரு நாற்காலியை முன்வரிசையில் போட்டு, அதன் முன்னால் மைக்கை வைத்தார்.

"மொதலாளி, தட்டு போனாப் போவுது. அதுல பாடுனவங்க இவங்கதான். குற்றாலம் விஜயம்."

சங்கரபாண்டி நம்பாமல் பார்த்தார். "நீயாம்மா பாடுன?"

"நான்தான், அண்ணாச்சி."

"தாலியறுத்தவ வாயால மங்கலப் பாட்டா?" என்று உச்சிமாகாளி குரலை உயர்த்தினாள். "நல்லா இருக்குமா?"

"உங்க கலியாணத்துக்கும் நாந்தான் செட்டுப் போட்டேன்," என்றார் ஒலி முகம்மது. "இந்தப் பாட்டுதான். அப்பமே இவங்க வீட்டுக்காரரு காலமாயிருந்தாரு."

எல்லோருடைய பார்வையும் உச்சிமாகாளியின் கணவர் பக்கம் திரும்பியது. அவர் தூண் ஓரத்தில் நின்று இரண்டாவது தடவை டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவனுக்கென்ன, கல்லுக்குண்டாட்டம்லா இருக்கான்," என்றார் சங்கரபாண்டி. பிறகு வானத்தைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாடும்மா. நேரமாவுது."

அவர் அந்த ஒரு நிமிடத்தில் திருந்திவிட்டார் என்று யாரும் எண்ண வேண்டாம். விதவை பற்றிய பயத்தைவிட, முகூர்த்தம் தப்பும் என்ற பயமும், அந்தப் பாட்டில்லாமல் மாப்பிள்ளை படியேறக் கூடாது என்ற பயமும் பெரியவையாக இருந்தன. ஒரு மூடநம்பிக்கை இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தது. அந்த இடைவெளியில்தான் வள்ளித்தாய்க்கு ஒரு நாற்காலி கிடைத்தது.

அவர் பாடினார். தட்டில் இருந்த குரல் இளம் பெண்ணுடையது. இது தாழ்ந்திருந்தது, மேலே போக வேண்டிய இடங்களில் மெல்ல ஏறியது. இரண்டாவது அடியில் சுருதி இறங்கவில்லை. காத்திருந்து பழகிய ஒருத்தி மழையோடு சாவகாசமாகப் பேசுவது போல இருந்தது. குற்றாலிங்கம் காரிலிருந்து இறங்கி, தூறலில் நனைந்தபடி படியேறி வந்தான். வள்ளித்தாயைத் தாண்டும்போது நின்று கும்பிட்டான். அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் பரமசிவன் குனிந்து தங்கையின் காதோரம் சொன்னார்: "பாட்டுதான் முடிஞ்சுதுல்லா. உள்ள போ, ஏட்டி."

"பாட்டு முடிஞ்சுது. கலியாணம் முடியலய அண்ணே," என்றார் வள்ளித்தாய்.

அவர் எழுந்திருக்கவில்லை. ருக்மிணியின் கழுத்தில் தாலி ஏறியதை ஐந்தடித் தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார். அட்சதை போட்டார். பந்தல் இடிந்து விழவில்லை.

அதன் பிறகு இலஞ்சியில் ஊர்வலம் வந்து, "கதவச் சாத்திக்கிடுங்க" என்று யாராவது சொன்னால், "மழ பெஞ்சாச் சாத்துதேன்" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நிற்பார். சிலர் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சிலர் அடுத்த தெருவழியாகச் சுற்றிப் போனார்கள். சுற்றிப் போனாலும் அங்கிருந்து பாட்டு கேட்கத்தான் செய்தது.

எண்பத்து மூன்றில் உச்சிமாகாளியின் மகளுக்குச் செங்கோட்டையில் கல்யாணம். அதற்குள் தட்டு போய் கேசட் வந்திருந்தது. யாரிடமோ மிஞ்சியிருந்த தட்டிலிருந்து ஒலி முகம்மது 'சாரலே'யைக் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். உச்சிமாகாளி இந்தத் தடவை கேசட்டின் பிளாஸ்டிக் பெட்டிக்கு மட்டும் பொட்டு வைத்தாள்.

சம்பந்தக்காரியாயிற்றே என்று வள்ளித்தாயையும் அழைத்திருந்தார்கள். மண்டபத்து வாசலில் நின்ற உச்சிமாகாளி அவருக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டவில்லை. "வாங்க, அங்கன பின்னால ஃபேனு இருக்கு, காத்தோட்டமா உக்காருங்க" என்று கடைசி வரிசையைக் காட்டினாள்.

"எனக்கு வேர்க்கல தாயி," என்றார் வள்ளித்தாய். நடு வழியாக நடந்து போய், முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்பீக்கரில் அவருடைய பாட்டைப் போட்டார்கள்.