வேண்டாம் என்றவருக்குப் போன மெயில்

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

செங்கம் ரோட்டில் நான் நடத்தும் விடுதியில், பழைய விருந்தினர்களுக்கு மெயில் அனுப்பும் வேலை கல்பனாவுடையது. கார்த்திகை தீபத்துக்கு முன், சலுகை மெயிலை எல்லோருக்கும் அனுப்பச் சொன்னேன்.

“சில பேர் வேணாம்னு எழுதிட்டாங்க சார். அவங்களுக்கு அனுப்பக்கூடாதுங்க” என்றாள்.

நான் கேட்கவில்லை. பழைய பட்டியலை எடுத்து நானே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு பெண்மணியின் பதில் வந்தது. ‘என் கணவர் இறந்ததும் அவர் பெயரை நீக்கச் சொன்னேன். கல்பனா உடனே நீக்கி, ஆறுதலாக எழுதினார். இப்போது மறுபடியும் அவர் பெயருக்கே அழைப்பு வந்திருக்கிறதே?’

கல்பனாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் என்னைக் குறை சொல்லாமல் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பிறகு, மறுப்புச் சொல்லாத மற்றவர்களிடம் ‘எங்கள் மெயில் இன்னும் வேண்டுமா?’ என்று கேட்டாள். பதில் சொல்லாதவர்களையும் நீக்கினாள்.

“பட்டியல் பாதியா கம்மியாயிடுச்சேம்மா” என்றேன்.

“எப்பவோ சரின்னு சொன்னது இப்பவும் சரியான்னு அப்பப்ப கேட்டுக்கணும் சார்.”

கதவைத் தட்டாமல் எந்த விருந்தினர் அறைக்குள்ளும் நான் நுழைந்ததில்லை. அந்த மரியாதையை கண்முன் இல்லாதவர்களுக்கும் கொடுத்தவள் அவள்.