நாற்பத்திரண்டாவது பாயின்ட்

எங்கள் ஆலைக்கு உதிரிபாகங்களைக் கழுவும் இயந்திரம் ஒன்று வந்தபோது, அதை நிறுவிக் கொடுக்க ஒரு பொறியாளரும் வந்தார். இயந்திரம் ஜெர்மனி, அவர் உக்ரைன். ஐம்பது வயதிருக்கும். ஆலைத் தரப்பில் அவரோடு வேலை பார்க்க என்னைப் போட்டார்கள். நான் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆனால் பட்டியல் போட்டு வேலையை முடிப்பவள் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

புதிய இயந்திரத்தின் குறைகளை எல்லாம் ஒரு பட்டியலில் எழுதுவோம். ஓப்பன் பாயின்ட்ஸ் லிஸ்ட் என்பார்கள். என்ன குறை, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள், முடிந்ததா. முடியாத வரி சிவப்பு, முடிந்த வரி பச்சை. எல்லாம் பச்சையானதும் இரு தரப்பும் கையெழுத்துப் போடும். நிறுவ வந்தவர் கிளம்பிவிடலாம்.

மதியம் அவர் விருந்தினர் அறைக்குப் போகாமல் கேன்டீனில் எங்களோடு சாப்பிட்டார். அவர் வந்து உட்கார்ந்ததும் பேச்சு தானாகப் போருக்குப் போய்விடும். தமிழில் பேசினால் அவருக்குப் புரியாது என்ற தைரியம். பிள்ளைப்பாக்கத்துக்காரரான மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் அண்ணன்தான் ஆரம்பிப்பார்.

"வெளியாளு துப்பாக்கி குடுத்துகினே இருந்தா எவன் சண்டைய நிறுத்துவான்? எங்க ஊர்ல அண்ணன் தம்பிக்குள்ள வரப்புத் தகராறு. ரெண்டு நாள்ல முடிஞ்சிருக்கும். ஆளாளுக்குப் பின்னாடி நின்னு ஏத்திவுட்டானுங்க. இப்ப நெலமும் போச்சு, பேச்சுவார்த்தையும் போச்சு."

இராமநாதபுரத்திலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியிருந்த ஆப்பரேட்டர் விடமாட்டார். "அண்ணே, உங்க வீட்டுக்குள்ள ஒருத்தன் புகுந்து அடிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரன் கம்பு குடுத்தா வேணாம்னு சொல்லுவீகளா?"

"சும்மாவா குடுக்கிறான்? அவன் கம்பு கம்பெனி வெச்சிகினுகிறான்டா."

மேசையே சிரித்தது. ஆப்பரேட்டர் மட்டும் சிரிக்கவில்லை. "இலங்கையில நம்ம சனம் செத்தப்ப ஒருத்தனும் கம்பு குடுக்கல. யாரும் தலையிடல. நல்லா முடிஞ்சுச்சாக்கும்?"

அண்ணன் சாம்பாரை ஊற்றிப் பிசைந்தபடி, "நாம மட்டும் யோக்கியமா? ரஷ்யாகிட்டதான எண்ணெய் வாங்குறோம். நீ வர்ற கம்பெனி பஸ்ஸு அதுலதான் ஓடுதோ இன்னாவோ" என்றார்.

இத்தனை பேச்சிலும் பொறியாளருக்குப் புரிந்தது நாடுகளின் பெயர்கள்தான். ஒவ்வொரு பெயருக்கும் தட்டிலிருந்து நிமிர்ந்து, சொன்னவரின் முகத்தைப் பார்ப்பார். வெளியே வரும்போது, "என்ன முடிவுக்கு வந்தார்கள்?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

"சீக்கிரம் முடிய வேண்டும் என்கிறார்கள்" என்றேன். அப்படி ஒருவரும் சொல்லவில்லை.

"என் அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள்" என்றார். பிறகு, பம்பின் அழுத்தத்தை விளக்குகிற அதே குரலில் மற்றதையும் சொன்னார். போர் தொடங்கியபோது அவர் வேறொரு நாட்டில் வேலையில் இருந்தார். அதன்பின் ஊருக்குப் போகவில்லை. அம்மா தனியாக இருக்கிறாள். ஒவ்வொரு வாரமும் எப்போது வருவாய் என்று கேட்கிறாள். இந்த இயந்திர வேலை முடிந்ததும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். உள்ளே போனால் அவர் வயது ஆண்களைத் திரும்ப வெளியே விடமாட்டார்கள். படைக்கும் கூப்பிடலாம்.

"போகாமல் இருந்தால்?" என்றேன்.

"அவளுக்கு எழுபத்தெட்டு" என்றார்.

கேட்டுக்கொண்டேன். அன்று பிற்பகலில் இரண்டு பாயின்ட்களை முடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் பட்டியலில் புதிது புதிதாகக் குறைகளை எழுத ஆரம்பித்தார். ஒரு குழாயின் கிளாம்ப் திரும்பியிருக்கிறது. பேனலின் பின்பக்கத் திருகில் பெயின்ட் இல்லை. எண்ணெய்த் தட்டு ஐந்து மில்லிமீட்டர் குட்டை. மனிதர் வேலையில் கறார் என்று நினைத்துக்கொண்டேன். அது முழு உண்மையல்ல என்று எனக்குப் பாதி தெரிந்தே இருந்தது. ஆனால் பட்டியலில் சிவப்பு வரி நின்றால் எனக்குச் சோறு இறங்காது. அவர் காலையில் எழுதுவதை நான் மாலைக்குள் முடித்தேன். மேலாளர் என்னை மீட்டிங்கில் பாராட்டினார்.

நாற்பத்திரண்டாவது பாயின்ட், எச்சரிக்கை ஸ்டிக்கர்கள் தமிழிலும் வேண்டும் என்பது. பொறுப்பு என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். தேதியைக் காலியாக விட்டார்.

"தேதி?"

"உனக்கு எப்போது முடியுமோ அப்போது. அவசரமே இல்லை."

அன்று மாலையே ஸ்ரீபெரும்புதூர் போய், கடைக்காரர் பக்கத்திலேயே நின்று ஸ்டிக்கர்களை வெட்டி வாங்கினேன். மறுநாள் ஷிப்ட் தொடங்கும் முன், ஒரு காற்றுக்குமிழ்கூட இல்லாமல் ஒட்டினேன். 'எச்சரிக்கை: சூடான நீர்'. அவர் வந்து அதன் முன் வெகுநேரம் நின்றார். "நீ ரொம்ப வேகம்" என்றார். பாராட்டு என்று நினைத்து நன்றி சொன்னேன்.

இரண்டு நாள் கழித்துக் கையெழுத்தானது. பூசணிக்காய் உடைத்து, பேனலுக்குக் குங்குமம் வைத்தார்கள். அவர் ஓரமாகப் போய் கைபேசியில் பேசினார். குரல் தணிந்திருந்தது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"யார்கிட்டமா பேசறாரு?" என்றார் அண்ணன். அப்போதுதான் அவருடைய அம்மா, கொடுத்த வாக்கு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இன்னாம்மா நீ. இத்த முன்னாடியே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு அவரு மூஞ்சிக்கு நேரா கம்பு, வரப்புன்னு பேசிகினு இருந்தேன்." இயந்திரத்தின் பக்கம் கையைக் காட்டினார். "ஒரு பாயின்ட் ஓப்பன் பண்ணு. பம்ப்பு சத்தம் போடுதுன்னு எழுது. நான் சொன்னேன்னே எழுது."

"கையெழுத்து ஆயிடுச்சுண்ணா."

"ஆனா இன்னா? மெஷின் கெட்டா அவர திரும்பக் கூப்புட மாட்டமா?"

பக்கத்திலிருந்த ஆப்பரேட்டர், "வெளியாளு தலையிடக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீக" என்றார்.

"சும்மா கெட."

அண்ணன் இயந்திரத்தின் பின்பக்கம் போய்ப் பம்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். காதையும் வைத்தார். உதிரிபாகங்கள் ஒரு பக்கம் அழுக்காகப் போய், மறுபக்கம் சுத்தமாக வந்துகொண்டிருந்தன. உதிரிபாகத் தட்டு மூன்று முறை நிறையும்வரை அவர் அங்கேயே குனிந்து நின்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஒரு சத்தமும் இல்லம்மா" என்றார். "நல்லா பண்ணிகிறாரு மனுசன்."