ஃப்ளெக்ஸில் விடுபட்ட ஒரு பெயர்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. புரட்டாசி மாதம், சனிக்கிழமை, காலை ஒன்பதரை மணி இருக்கும். ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இருக்கிற என் ஃப்ளெக்ஸ் கடையில், ஒரு மாப்பிள்ளையின் முகத்தை கம்ப்யூட்டரில் வெளுக்க வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில் பாதி வேலை அதுதான். மீதிப் பாதி, சொந்தக்காரர்கள் பெயரில் ஒன்று விட்டுப்போகாமல் அடுக்குவது. ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் கல்யாண வீட்டில் பந்தல் இரண்டாகிவிடும்.

நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். எந்த வேலை முடிந்தாலும் அதை சோஷியல் மீடியாவில் கடைக்கென்று இருக்கும் பக்கத்தில் மாதிரிக்காகப் போட்டுவிடுவேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாமே வரும். சடங்கு ஃப்ளெக்ஸ் என்றால் அதில் பெண்ணின் படம் இருக்கும், பெயர் இருக்கும், எந்தப் பள்ளியில் என்ன வகுப்பு என்பதும் இருக்கும். கீழே தாய்மாமன், சித்தி, அத்தை என்று முறையோடு எல்லோர் பெயரும் வரிசையாக வரும். லைக் விழ விழ எனக்கு ஒரே மிதப்பு. ஆர்டரும் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அதற்கும் இரண்டு வருடம் முன்பு என் மகள் வயதுக்கு வந்தபோது சும்மா இருப்பேனா? பதினைந்து அடிக்கு ஃப்ளெக்ஸ் அடித்தேன். சிம்மாசனத்தில் அவளை உட்கார வைத்து, பின்னால் மயில், அருவி என்று கைவரிசை எல்லாவற்றையும் காட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்கா முதல் நாள் வந்து அதைப் பார்த்தாள். புள்ளையே கூச்சப்படுது, இவ்வளவு பெரிசா தெரு முக்குல வைக்கணுமா, வீட்டோட வச்சுக்க என்றாள். நான் தொழிலையே கேவலப்படுத்திவிட்டதாக எடுத்துக்கொண்டேன். வார்த்தை வளர்ந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். எங்கள் பக்கம் சடங்கில் முதல் தண்ணீர் ஊற்றுவது அத்தைதான். அந்த அத்தையின் பெயரை எடுத்துவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாகப் புது ஃப்ளெக்ஸ் அடித்தேன். என் கோபம் அப்படிப்பட்டது.

அதையும் பக்கத்தில் போட்டேன். ஒரு சொந்தக்காரர் கீழே, அத்தை பேர் இல்லாம சடங்கு ஃப்ளெக்ஸா என்று கேட்டிருந்தார். எங்க வீட்டுக்கு அத்தை கிடையாது என்று நான் பதில் எழுதினேன். அதற்கும் சிலர் லைக் போட்டார்கள். பிறகு வீட்டில் இருந்த மூன்று போன்களிலும் அக்கா நம்பரையும் அவள் மகள் நம்பரையும் நானே வாங்கி பிளாக் செய்தேன். மகள் போனைக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பத்தாவது படிக்கும் மகள், ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள். முந்தின நாள் சாயந்திரம் ப்ராஜெக்ட் பிரிண்ட் எடுக்க என் கடைக்கு வந்தவள், தன் கணக்கை கம்ப்யூட்டரில் மூடாமல் போயிருக்கிறாள். மாப்பிள்ளையின் மூக்கில் வேலையாக இருந்தபோது திரையின் மூலையில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

‘பஸ் ஏறிட்டியா?’

உடனே மகளின் பதிலும் வந்தது. ‘ஏறிட்டேன் மதினி.’

அத்தை மகளை மதினி என்பதுதான் எங்கள் வழக்கம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அக்கா மகள் என் பெண்ணை எனக்குத் தெரியாமல் வரச்சொல்கிறாளா? செய்தியைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனேன். மூன்று மாதமாகப் பேச்சு நடந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே முதல் செய்தியாக ஒரு படம் இருந்தது. நான் செய்த அதே ஃப்ளெக்ஸ், மூலையில் என் கடைப் பெயர். அதன் கீழே, ‘இதுல எங்க அம்மா பேர் இல்ல பாத்தியா? தினமும் இதப் பாத்துதான் அழுறாங்க’ என்று எழுதியிருந்தது.

என் கண் முன்னாலேயே அடுத்தடுத்து செய்திகள் வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் பெருமாள் மலைக்கும் திருவண்ணாமலை என்றுதான் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி திருவண்ணாமலைக்குப் போகிற பஸ்ஸில் ஏறு. கோயில் வரைக்கும் வராதே, சனிக்கிழமைக் கூட்டம். மலைக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிடு, வெள்ளைக் கார் நிற்கும். அம்மா உன்னைப் பார்த்ததும் சாமி சன்னதியில் வைத்தே உங்கப்பாவுக்குப் போன் போடுவாங்க, சண்டை எல்லாம் இன்றோடு முடிந்துவிடும். கடைசியாக ஒன்று. ‘போன ஆஃப் பண்ணிரு. அப்பா கூப்பிட்டா உனக்கு மனசு மாறிரும்.’

மகள் சரி என்று போட்டாள். நான் அவளுக்குப் போன் அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அப்போதுகூட எனக்குப் பயம் வரவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். கோபம்தான் வந்தது. பிளாக்கை எடுத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அக்காவுக்கு அடித்தேன். நலமா என்று கேட்கவில்லை. எம்பொண்ண எனக்குத் தெரியாம எதுக்கு வரச்சொன்ன, ஒம்மகளுக்கு எவ்வளவு தைரியம் என்று கத்தினேன். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“ஏலே, எம்மக இந்தா என் எதுக்க உக்காந்து இட்லி தின்னுக்கிட்டு இருக்கா. ஒம்புள்ளய யாருல வரச்சொன்னது?”

அதுவரை திரையில் தெரிந்த மதினி என்ற சொல்லுக்குப் பின்னால் சட்டென்று ஆளே இல்லாமல் போய்விட்டது. இல்லை, ஆள் இருக்கிறான். யார் என்றுதான் தெரியாது. படித்ததை எல்லாம் அக்காவிடம் திக்கித் திக்கிச் சொன்னேன். நான் அதில் ஏதாவது எழுதட்டுமா, வேண்டாம் என்று சொல்லட்டுமா என்று கேட்டேன்.

“எழுதிராத. புள்ள போன் ஆஃப்ல கெடக்கு, அவன் மட்டுந்தான் பாப்பான். பாத்தா எடத்த மாத்திருவான். நான் போறேன். நீ வா.”

மனைவிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லி, மகள் நம்பருக்கு அடித்துக்கொண்டே இரு என்றேன். கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றும் தூரமில்லை. கண்ணை மூடிக்கொண்டு போய் வருகிற ரோடு. அன்று அது முடியவே இல்லை. முன்னால் பஸ், மஞ்சள் துணி கட்டிக்கொண்டு கோவிந்தா போட்டபடி நடக்கிற கூட்டம், வேன், டிராக்டர் எல்லாம் வழியை அடைத்தன. இந்த ஊரில் இத்தனை வெள்ளைக் கார் இருக்கிறது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளைக் காரின் பின் ஸீட்டையும் எட்டிப் பார்த்தேன். ஒருவர் காரை நிறுத்தி, சாகப் போறியா என்று திட்டினார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓட்டும்போதெல்லாம் ஒரே நினைப்புதான். இவனுக்கு எப்படித் தெரியும்? அக்காவுக்கு ஒரு மகள் என்பது, எங்களுக்குள் பேச்சு இல்லை என்பது, என் மகளுக்கு அத்தை மேல் உயிர் என்பது எல்லாம் எப்படித் தெரியும்? ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லைக்கு வரும்போது பதில் தெரிந்துவிட்டது. எல்லாம் என் பக்கத்தில் இருக்கிறது. அத்தையும் அத்தை மகளும் என் மகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் பழைய படங்கள்கூட அங்கே கிடக்கின்றன. பெயரை அடுக்கியது நான், ஒரு பெயரை எடுத்தது நான், எடுத்ததை ஊரறியக் கமென்டில் எழுதியதும் நான். அக்கா நம்பரை பிளாக் செய்து, ஒரு போன் அடித்துக் கேட்கக்கூட வழியில்லாமல் மகளை நிறுத்தியதும் நானேதான்.

ஊரைத் தாண்டி மலைக்குத் திரும்பும் ரோட்டில் ஏறியபோது சட்டைப்பையில் போன் அடித்தது. அக்காதான். ஓரமாக நிறுத்தினேன். ஆனால் எடுக்கக் கை வரவில்லை. எடுத்தால் எதையோ கேட்க வேண்டியிருக்குமே என்று அப்படியொரு பயம். அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. எடுத்தேன்.

“புள்ள எங்கூடத்தான் இருக்கா. நீ மெதுவா வா.”

நான் பைக்கை ஸ்டாண்டு கூடப் போடாமல் ரோட்டோரத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். போகிறவர்கள் விரதத்தில் மயக்கம் என்று நினைத்து ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நடந்ததைப் பிறகு அக்கா மகள் சொல்லித்தான் கேட்டேன். இரண்டு பேரும் ஸ்கூட்டியில் முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அங்கே இல்லை என்றதும் மலை ரோட்டில் வந்திருக்கிறார்கள். அந்த ஸ்டாப்பில் வெள்ளைக் காரின் பின் கதவு திறந்திருந்தது. என் மகள் கதவைப் பிடித்தபடி ஏறுவதா வேண்டாமா என்று நின்றிருக்கிறாள். முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன், அவங்க மலையடியில காத்திருக்காங்க, கூட்டம் ஜாஸ்தியாகிரும், சீக்கிரம் ஏறு என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தானாம். அக்கா கத்தவில்லை. பக்கத்தில் போய் என் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவனைக் கேட்டிருக்கிறாள். தம்பி, யாரு இந்தப் புள்ளய கூட்டிட்டு வரச் சொன்னது? அவன் கொஞ்சமும் தடுமாறாமல், இவங்க அத்தைதான் என்றிருக்கிறான்.

“அந்த அத்த நாந்தான்” என்றாளாம் அக்கா.

அவன் கதவைக்கூடச் சரியாகச் சாத்தாமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். அக்கா மகள் வண்டி நம்பரை போனில் படம் எடுத்துவிட்டாள். அன்றே போலீஸில் எழுதிக் கொடுத்தோம். நம்பர் போலியானது என்றார்கள். அந்தக் கணக்கிலிருந்து வேறு சில பெண் பிள்ளைகளிடமும் பேச்சு நடந்திருக்கிறது, விசாரிக்கிறோம் என்றும் சொன்னார்கள். இது எழுதும் வரைக்கும் அவன் யார் என்று எனக்குத் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது, ரோட்டோர டீக்கடை பெஞ்சில் அக்கா மடியில் முகம் புதைத்து மகள் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடி விழும் என்று நினைத்து எழுந்து நின்றாள். ஒன்றுதான் சொன்னாள்.

“நீங்களும் அத்தையும் பேசணும்னுதாம்ப்பா போனேன்.”

அக்கா, அன்னைக்கு நீ சொன்னது, என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. மொதல்ல டீயக் குடி, பொறவு பேசலாம் என்றாள். அந்தப் பொறவு இன்றுவரை வரவில்லை. நான் சொன்னேனே கேட்டியா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து என் பக்கத்தில் இருந்த சடங்கு ஃப்ளெக்ஸ்களை ஒவ்வொன்றாக அழித்தேன். விடிந்ததிலிருந்து சாயந்திரம் வரைக்கும் ஆனது. சேத்தூர்ப் பெண், சத்திரப்பட்டிப் பெண், எங்கள் தெருவிலேயே ஒரு பெண் என்று ஒவ்வொரு முகமும் சிம்மாசனத்திலிருந்து என்னைப் பார்த்தது. அத்தனை பேருக்கும் பெயர், பள்ளி, மாமன் பெயர் என்று எழுதி நான் திறந்த வெளியில் வைத்திருந்தேன். அழித்துவிட்டேன், ஆனால் யார் யார் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கிறார்களோ, அது எனக்குத் தெரியாது. சில வீடுகளுக்குப் போய்ச் சொன்னேன். ஒருவர் நன்றி சொன்னார், ஒருவர் என்னைத் திட்டினார், இரண்டும் நியாயம்தான்.

மகள் இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள். போனைப் பிடுங்கி வைக்கவில்லை. பிடுங்கினால் அடுத்த முறை எனக்குத் தெரியாமல் போவாள், அவ்வளவுதான் நடக்கும். தெரியாதவர் யார் பேசினாலும் என்னிடமோ அத்தையிடமோ சொல்லிவிட வேண்டும், நான் கத்த மாட்டேன் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். கத்தாமல் இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடாக இருக்கிறது. சடங்கு ஃப்ளெக்ஸுக்கு யாராவது வந்தால், புள்ளைகிட்ட கேட்டீங்களா என்று விசாரிக்கிறேன். சிலர் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள்.

போன மாதம் அக்கா மகளுக்குக் கல்யாணம், ஃப்ளெக்ஸ் நான்தான் அடித்தேன். பெயர்களை மூன்று தரம் சரிபார்த்தேன், ஒன்றும் விட்டுப்போகவில்லை. ஆனாலும் அச்சுக்குக் கொடுக்கும்போது விரல் நின்றுவிட்டது. கோபத்தில் ஒரே ஒரு பெயரை எடுத்துவிட்டு நான் காலியாக விட்ட இடம், முன்பின் தெரியாத ஒருவன் வந்து என் மகள் பக்கத்தில் நிற்கும் அளவுக்குப் பெரியதாக இருந்திருக்கிறதே என்ற பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.