அம்மா பார்க்கப் போன புழுக்கள்

நான் நாலாவது படித்த வருஷம் அம்மா ஒரு புழுவைப் பார்க்க ஆசைப்பட்டார். கோயில் என்றிருந்தால் அப்பா எந்த மலைக்கும் கூட்டிப்போயிருப்பார். ஊட்டி என்றால் எனக்கும் சந்தோஷம். புழு என்றதும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அம்மா பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. மணலை ஒட்டிக் குழாய் கட்டி, கூட்டங்கூட்டமாக வாழும் கடல்புழுக்களைப் பற்றிப் பல வருஷம் பாடம் எடுத்தவர். ஆய்வகப் பாட்டிலில் வெளுத்துக் கிடந்த ஒன்றைத் தவிர, உயிரோடு பார்த்ததில்லை. அந்த வருஷம் அவர் பள்ளிக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் போய்வந்தார். முடி முழுக்கக் கொட்டியிருந்தது. மருந்து முடிந்ததும் முன்பைவிட அடர்த்தியாக வளரும் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். எனக்கு லேசான பொறாமைகூட இருந்தது.

அப்பாவுக்குச் சிங்காநல்லூரில், மணல் அச்சில் இரும்பை உருக்கி ஊற்றும் சின்ன வார்ப்படப் பட்டறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறை வேனிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு, பாலக்காடு தாண்டிக் கடற்கரைக்கு ஓட்டிப்போனார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. பாறைகளின்மேல் பழுப்பு நிறத்தில், தேனடையை அப்பி வைத்ததுபோல் மேடு மேடாக இருந்தது. ஆயிரம் துளைகள், எல்லாம் மூடிக் கிடந்தன. தண்ணீர் வற்றினால் புழு உள்ளே போய் வாசலை அடைத்துக்கொள்ளுமாம். அம்மா அதன் பக்கத்திலேயே ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

உடைந்து ஒதுங்கியிருந்த ஒரு துண்டை அப்பா எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“இதென்ன புள்ள, நம்ம பட்டறை மணல் அச்சாட்டவே இருக்குது? நாம பிசின் கலந்து சுட்டாத்தான் நிக்குது. இது தண்ணிக்குள்ள எப்படி இறுகுது?”

“அதுவே பசை சுரக்குதுங்க. ஒவ்வொரு மணலாப் பொறுக்கி ஒட்டும்.”

“குஞ்சுக என்ன பண்ணும்?”

“கொஞ்ச நாள் கடல்ல மிதந்து திரியுமுங்க. பழைய கூட்டைத் தொட்டுச்சுன்னா, அந்தப் பசையை வெச்சே அடையாளம் கண்டு அங்கயே தங்கிக்கும். பெத்தது இருக்கோணும்னுகூட இல்லீங்க. கூடு இருந்தாப் போதும்.”

அப்பா துண்டைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குப் பசி. மீன் வறுக்கும் வாசம் வேறு எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது. அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை. கடைசியில் கடல் மறுபடி ஏறத் தொடங்கியது. நுரை மேட்டின்மேல் ஏறி வழிந்ததும் துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நூலைவிட மெல்லிய கைகள் வெளியே வந்து, இரையையும் மணலையும் தண்ணீரில் துழாவின. அம்மா குனிந்து, தண்ணீரில் முகம் படுகிற அளவுக்குக் குனிந்து, பார்த்துக்கொண்டேயிருந்தார். முழங்கால்வரை சேலை நனைந்துவிட்டது.

“தண்ணி ஏறுது, எந்திரி.”

“இன்னுங் கொஞ்ச நேரமுங்க.”

அந்த வருஷம் முழுக்க, சோறுகூட, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அம்மா கேட்டதில்லை. அப்பா இடுப்பளவுத் தண்ணீர் வரும்வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு அம்மாவைத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தார். குளிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள் இல்லை என்பதுபோல் பத்தடி தள்ளி நடந்தேன்.

திரும்பும் வழியில் பின்சீட்டில் படுத்துக்கொண்டேன். நான் தூங்கிவிட்டதாக நினைத்து அம்மா மெதுவாகக் கேட்டார்:

“ஏனுங்க, இவளுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமுங்களா?”

கடற்கரையில் சொன்ன புழுப் பாடத்தைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற என்னைப் பற்றி இப்படி ஒரு சந்தேகமா! எழுந்து உட்கார்ந்தேன். “எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குதும்மா. வேணும்னா கேட்டுப் பாருங்க.”

அம்மா திரும்பிப் பார்த்தார். கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். அப்பா வண்டியை ஓரங்கட்டினார்.

“எஞ்சின் சூடாயிருச்சு கண்ணு. ஆறட்டும்” என்று சொல்லி இறங்கிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி ரோட்டோரத்தில் நின்றார். நான் அதை அப்படியே நம்பினேன். அம்மா எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், தப்பில்லாமல் சொல்லிவிட வேண்டும் என்று, புழுப் பாடத்தை முதலிலிருந்து மனதுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.