பூட்ஸுக்கு ஒத்தடம்

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுக்காரருடைய பூட்ஸ் கல்லாகிவிட்டது.

கதை விடவில்லை. வாசலிலிருந்து எடுத்து வந்து தரையில் வைத்தார். ‘டொக்’ என்று சத்தம். உள்ளே காலை விட்டுப் பார்த்தார். பாதி பாதம் போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. ஈரத்தோடு வெளியே கிடந்த பூட்ஸ் உறைந்து விறைத்துப் போயிருந்தது.

“என்னங்க இது?” என்றேன்.

“நீதானே வெளிய விடச் சொன்ன” என்றார்.

நான்தான் சொன்னேன். மறுக்கவில்லை. ஆனால் கதையை முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்க நியாயம் உங்களுக்குப் புரியும்.

போன வசந்த காலத்தில் இவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வலது கால். நல்லபடியாகவே முடிந்தது. டாக்டர் “நன்றாக நடக்கலாம்” என்றார். பிசியோதெரபி பெண்ணும் “நடங்கள், நடங்கள்” என்றாள். நானும் சொன்னேன். இவர்தான் நடக்கவில்லை. வீட்டுக்குள் நடப்பார். கடைக்கு வந்தால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பார். ஆனால் முன்பெல்லாம் நியூ ஜெர்ஸியில் எங்கள் ஊரான எடிசனின் பார்க்கில் காலையும் மாலையும் கையை வீசிக்கொண்டு சுற்றி வந்த மனிதர், சும்மா நடப்பதற்காக நடப்பது என்பதை அடியோடு நிறுத்திவிட்டார்.

கேட்டால் ஒரே பதில்தான். “விழுந்துட்டேன்னா?”

விழ மாட்டீர்கள் என்று நான் எப்படி உத்தரவாதம் கொடுக்க முடியும்? ஜன்னல் ஓரத்து நாற்காலியும் அவருமாக மாதங்கள் போயின. எனக்குள் பயம் வந்துவிட்டது. கால் சரியாகிவிட்டது, மனிதர் உட்கார்ந்துவிட்டாரே என்ற பயம்.

அப்போதுதான் ஒரு அம்மாள் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தார். போன் வழியாக.

நியூயார்க் மாநிலத்தின் வட கோடியில், கனடா எல்லைக்குக் கிட்டத்தில், ஒரு சின்ன கிராமம். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் எல்லாரும் புளியோதரை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். எங்கள் பெண் யாழினி தோழிகளோடு அங்கே போய்விட்டு வந்து, “அப்பா, திஸ் இஸ் சோ ஃபன்னி” என்று ஒரு லிங்க் அனுப்பினாள். அந்த ஊர்க் காட்டுப்பாதைகளைக் குளிர்காலத்தில் பராமரிக்கும் ஒரு அம்மாள் தினமும் காலையில் எழுதும் டிரெயில் ரிப்போர்ட் அது. எந்தப் பாதையில் எவ்வளவு பனி, எங்கே ஐஸ், எங்கே மரம் விழுந்திருக்கிறது... அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் எழுத்து இருக்கிறதே... “ஏரிக்கரைப் பாதை அருமை. பனியில் சறுக்குபவர்களுக்கு என்று நான் வண்டி ஓட்டி வரிவரியாகப் போட்ட தடத்தில் நேற்று ஒருவர் வெறும் ஷூவோடு நடந்து குழி குழியாக ஆக்கியிருக்கிறார். உங்கள் ஷூ அளவு எனக்குத் தெரியும்.” இன்னொரு நாள்: “பைன் காட்டுப் பாதை சுமார். நாயோடு வந்தவரே, நாயை மட்டும்தான் நீங்கள் திரும்ப அழைத்துப் போயிருக்கிறீர்கள்.”

இவர் காபி குடித்துக்கொண்டே வாய்விட்டுச் சிரிப்பார். தினமும். எடிசனில் உட்கார்ந்துகொண்டு, கண்ணால் பார்க்காத ஒரு ஊரின் பனி அளவை எனக்கு ஒப்பிப்பார். “சுமதி, நம்ம டிரெயில் அம்மா இன்னிக்கு செம கோவத்துல இருக்காங்க.”

நம்ம டிரெயில் அம்மாவாம். இந்த வாரப் பத்தியை நான் எத்தனை வருடமாக எழுதுகிறேன்? ஒரு வாரமாவது எங்கள் வீட்டில் ஒருவர் முழுசாகப் படித்ததுண்டா? எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. கொஞ்சம் என்ன, நன்றாகவே எரிச்சல்.

இந்த மாதம் ஒரு நாள் அந்த ரிப்போர்ட்டில் இப்படி வந்தது: “நீர்வீழ்ச்சி முழுக்க உறைந்துவிட்டது. அதற்குப் போகும் பாதை சமதளம், பனி நன்றாக அமுங்கியிருக்கிறது. யாரும் போகலாம்.”

இவர் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. பிறகு மெதுவாக, “யாரும் போகலாம்னு போட்டிருக்காங்க” என்றார்.

கவனித்தீர்களா? டாக்டர் சொன்னார், கேட்கவில்லை. பிசியோ சொன்னாள், கேட்கவில்லை. நான் சொன்னதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வீட்டில் இருப்பவர் சொன்னால் அது நச்சரிப்பு. முகம் தெரியாதவர் எழுதினால் அது ரிப்போர்ட். உலகம் முழுக்க இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நான் அந்த ஊரில் ஒரு மரக் கேபின் புக் பண்ணிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கிளம்பினோம். யாழினி கார் ஓட்டினாள். பின்னால் ரைஸ் குக்கர், இட்லிப் பாத்திரம், பொன்னி அரிசி, ஒரு பெரிய தூக்கில் இட்லி மாவு. “அம்மா, வீ ஆர் கோயிங் ஃபார் டூ டேஸ்” என்றாள். அதனால்தான் கொஞ்சமாக எடுத்திருக்கிறேன் என்றேன்.

கிராமத்துக் கடையில் இவருக்கு வாடகைக்கு ஸ்னோ பூட்ஸும் இரண்டு ஊன்றுகோல்களும் வாங்கினோம். சாயங்காலம் கேபினைச் சுற்றி ஒத்திகை பார்த்தார். ஒரு இடத்தில் முழங்கால் வரை புதைந்து, பூட்ஸுக்குள் பனி புகுந்து, நனைந்து போய், ஆனால் சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்தார்.

“அங்கயே நில்லுங்க” என்றேன். “பூட்ஸ வெளிய விட்டுட்டு வாங்க.”

செருப்பை வாசலில் விடுவது என்பது நமக்கு யாராவது சொல்லிக் கொடுத்தா வந்தது? வாடகை வீடு, ஹோட்டல் அறை, கேபின் எதுவானாலும் வாசல் வாசல்தான். நாங்கள் மூவரும் வரிசையாக விட்டுவிட்டு உள்ளே வந்தோம். யாழினியுடையதும் என்னுடையதும் உலர்ந்திருந்ததால் பிழைத்துக்கொண்டன.

கேபினுக்குள் ஒரு விறகு அடுப்பு. அதன் பக்கத்தில் விளிம்பு வைத்த பெரிய கறுப்புத் தட்டு ஒன்று இருந்தது. நல்ல கதகதப்பான இடம். குளிர் ஊரில் மாவு புளிக்குமா என்று எடிசனிலிருந்தே கவலைப்பட்டுக்கொண்டு வந்தவள் நான். எவ்வளவு யோசித்து வைத்திருக்கிறார்கள் என்று வியந்து, மாவுத் தூக்கை அந்தத் தட்டில் வைத்தேன்.

காலையில் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. பூட்ஸ் கல்லாகியிருந்தது.

இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே அன்றைய ரிப்போர்ட்டைப் படித்தார் இவர். “நீர்வீழ்ச்சிப் பாதை காலையில் அருமை. மதியத்துக்கு மேல் சூடான காற்றும் மழையும் வருகிறது. அதற்கு முன்பே ஓடைப் பாலத்தில் கயிறு கட்டி மூடிவிடுவேன். இந்த சீசனுக்கு இதுவே கடைசி நாளாக இருக்கலாம்.”

“பரவால்ல விடு” என்றார். “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அதைச் சொன்ன வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏமாற்றம் இருந்தால் குரல் கொஞ்சம் இறங்கும். இவருக்கு இறங்கவில்லை. தப்பித்தோம் என்கிற நிம்மதி அதில் இருந்தது. இன்றைக்கு இவர் நடக்கவில்லை என்றால் அடுத்த வருடம் என்று ஒன்று வரப்போவதே இல்லை. அந்த ஜன்னல் நாற்காலிதான்.

“ஹேர் டிரையர் இருக்காடி?” என்றேன். இல்லை. அடுப்பின் மேலேயே வைத்துவிடலாமா என்றால், வாடகை பூட்ஸ், பசை விட்டுப் பிய்ந்துவிடும் என்றாள் யாழினி. பக்கத்தில் வைத்தால் மதியம் வரை ஆகும். இவருடைய சாதா ஷூவில் போனால் வழுக்கும். வழுக்கினால்... அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

அப்போதுதான் கண்ணில் பட்டது, பொன்னி அரிசிப் பை.

அறுவை சிகிச்சைக் காயம் ஆறிய பிறகு, கால் மரத்துக்கொண்டு மடங்காத நாட்களில், பருத்தி சாக்ஸில் அரிசியைப் போட்டு முடிச்சுப் போட்டு, மைக்ரோவேவில் சூடாக்கி, தினமும் முழங்காலைச் சுற்றி ஒத்தடம் கொடுத்தவள் நான். காலுக்குக் கொடுத்தால் என்ன, பூட்ஸுக்குக் கொடுத்தால் என்ன?

கேபினில் இருந்த சாக்ஸை எல்லாம் பிடுங்கினேன். அரிசியை நிரப்பினேன். கேபின் மைக்ரோவேவில் சூடாக்கி ஆளுக்கு ஒரு பூட்ஸாகப் பிடித்துக்கொண்டு உள்ளே திணித்தோம். ஆறினால் எடு, மறுபடி சூடாக்கு, மறுபடி திணி. யாழினிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஐஸ் உருகி நீர் வடிந்தது. விறைத்துக்கொண்டிருந்த தோல் மெல்ல இளகியது. கேபின் முழுக்கச் சோறு வடித்த வாசனை.

“போதும் சுமதி, லேட்டாயிடுச்சு. இனிமே போய்...”

“கால நீட்டுங்க” என்றேன்.

நீட்டினார். பூட்ஸுக்குள் கால் போயிற்று. “சூடா இருக்கு” என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

பாதையின் முகப்பில் ஸ்னோமொபைல் என்கிற பனிவண்டி ஒன்று நின்றிருந்தது. பக்கத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அம்மாள். எழுபது வயது இருக்கலாம். தோளில் ஆரஞ்சு நிறக் கயிறு.

எங்களைப் பார்த்ததும், “மூடப் போகிறேன்” என்றார்.

இவர் நின்றுவிட்டார். சரி, திரும்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, “நாயை மட்டும் திரும்ப அழைத்துப் போனவர் வந்து சுத்தம் செய்தாரா?” என்று கேட்டார்.

அந்த அம்மாள் திகைத்துப் போனார். நியூ ஜெர்ஸியில் உட்கார்ந்து தினமும் படிக்கிறாராம் என்று நான் சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் புளிப்பு இருந்திருக்கலாம். அவர் இவரை மேலும் கீழும் பார்த்தார். மூக்கைச் சுருக்கினார்.

“உங்கள் பூட்ஸ் ஏன் சோறு மாதிரி மணக்கிறது?”

முழங்கால் ஆபரேஷனிலிருந்து அரிசி ஒத்தடம் வரை சொன்னோம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “வெளியிலா விட்டீர்கள்? இந்த ஊரில் எல்லாக் கேபினிலும் அடுப்புக்குப் பக்கத்தில் பூட்ஸ் வைக்க ஒரு கறுப்புத் தட்டு இருக்குமே.”

நானும் யாழினியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலையில் சாப்பிட்ட இட்லி ஞாபகம் வந்தது.

அந்த அம்மாள் மலைப்பக்கம் திரும்பி மேகத்தைப் பார்த்தார். இவருடைய காலையும் பார்த்தார். “மழைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பாலத்துக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம்தான். போய் வாருங்கள். நான் பாலத்திலேயே நிற்கிறேன். நீங்கள் திரும்பிய பிறகு கட்டுகிறேன்.”

நடந்தோம். முதலில் ஊன்றுகோலால் தட்டிப் பார்த்து, பிறகு கால் வைத்து, பிறகு மறுபடி தட்டி... மற்ற ஊன்றுகோலை யாழினியிடம் கொடுத்துவிட்டு, பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் என் கோட்டுக் கையை இறுகப் பிடித்திருந்தார். அதற்குப் பிறகு ஏதோ ஒரு பைன் மரத்தைக் காட்டுவதற்காகக் கையை எடுத்தார். திரும்பப் பிடிக்க மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை. ஒரு அடி பின்னால் தங்கிக்கொண்டேன்.

நீர்வீழ்ச்சி அப்படியே நின்றிருந்தது. விழுந்துகொண்டிருந்த தண்ணீரை யாரோ ‘நில்லு’ என்று அதட்டிய மாதிரி, மேலிருந்து கீழ் வரை இளநீல ஐஸ். உள்ளே எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐஸை அல்ல. என் கையைப் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்த அவரை.

என்ன சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“ரிப்போர்ட்ல போட்டிருந்த மாதிரியே இருக்கு” என்றார். பிறகு கையுறையைக் கழற்றி வலது முழங்காலை இரண்டு தட்டுத் தட்டிக் கொடுத்தார்.

திரும்பி வந்து பாலத்தைத் தாண்டியபோது முதல் தூறல் விழுந்தது. அந்த அம்மாள் எங்கள் முதுகுக்குப் பின்னால் கயிற்றைக் கட்டினார்.

மறுநாள் காலை ரிப்போர்ட்டை இவர் எங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். “நீர்வீழ்ச்சிப் பாதை மூடப்பட்டது. கடைசியாக நடந்தவருக்குக் கால் புதிது, நடை நன்று. வெளியூர்க்காரர்கள் கவனிக்க: கறுப்புத் தட்டு பூட்ஸுக்கு.” யாழினி அதை ஃபோட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினாள். தட்டில் என்ன இருந்தது என்பதை மட்டும் சேர்த்து அனுப்பவில்லை.

எடிசன் திரும்பி நாலைந்து நாளாகிறது. சாயங்காலமானால் பார்க்குக்குக் கிளம்பிவிடுகிறார். ஜன்னல் நாற்காலியில் இப்போது உட்கார்ந்து எழுதுகிறவள் நான்.

இதை எழுதி முடித்து, இதில் நீங்களும் இருக்கிறீர்கள், படியுங்கள் என்று அவரிடம் நீட்டினேன். ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே முதல் வரி முதல் கடைசி வரி வரை படித்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா டிரெயில் இப்ப எப்படி இருக்குன்னு போடவே இல்லையே?”

இதோ, போட்டுவிட்டேன்: பாதை மூடியிருக்கிறது. நடந்தவர் நலம்.