தட்டினதும் விட்டவள்

டயர் கடையில் வேலை பார்த்த அவளுக்கு இடுக்கி என்று பேர். அவள் லிவரைக் கையில் எடுப்பதைப் பார்த்தாலே லாரி டயர்கள் ரிம்மிலிருந்து தாங்களாகவே கழன்று மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று கடைக்காரர் சத்தியம் செய்வார். கம்பிக் கூண்டுக்குள் இருவர் மோதும் கூண்டுச் சண்டைப் போட்டியிலும் அவளுக்கு அதே கைதான். முதல் சண்டை பத்தொன்பது விநாடி. கழிப்பறைக்குப் போன அவள் அம்மா கை கழுவிவிட்டு வருவதற்குள், எதிராளி கழுத்தைத் தடவிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தாள். ஐந்தாவது சண்டையில் கால் விரல் உடைந்ததை, ஜெயித்துவிட்டுச் செருப்பு மாட்டும்போதுதான் கவனித்தாள். பதினொரு சண்டை, பதினொரு வெற்றி.

பன்னிரண்டாவதில் எதிரே வந்தவள் மின்னல். இரண்டாம் சுற்றில் இடுக்கி அவள் முதுகில் ஏறி, கழுத்தை முழங்கை மடிப்புக்குள் வாங்கிக்கொண்டாள். மின்னல் இவள் தொடையில் மூன்று முறை தட்டினாள். தட்டினால் தோற்றேன் என்று அர்த்தம். இடுக்கி உடனே விட்டுவிட்டாள். நடுவர் நின்றதோ மறுபக்கம். தட்டியதை அவர் பார்க்கவில்லை. மின்னல் ஒரு மூச்சு இழுத்தாள், திரும்பினாள், எழுந்துகொண்டிருந்த இடுக்கியின் தாடையில் ஒன்று விட்டாள். இடுக்கி கண் திறந்தபோது நடுவர் மின்னலின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

தோல்வியை ரத்து செய்யச் சொல்லி, போட்டி நடத்தும் சங்கத்தில் மனுப் போட்டாள். பார்வையாளர் ஒருவர் போனில் எடுத்த வீடியோவைச் சங்கத் தலைவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். தட்டியது பளிச்சென்று தெரிந்தது. ஆனால் நடுவர் பார்க்காதது நடக்காதது, அவர் வந்து பிரிக்கும்வரை பிடியை விடக்கூடாது, அதுதான் விதி என்றார். மின்னலைக் கேட்டதற்கு, தட்டவே இல்லை, கை வியர்வையைத் துடைத்துக்கொண்டேன் என்றாளாம். பயிற்சி கொடுக்கும் மாஸ்டரும் தன் பங்குக்கு, நடுவர் பிரிக்காமல் விடாதே என்று நூறு தடவை சொன்னேனே என்று எரிந்து விழுந்தார்.

அன்றிலிருந்து இடுக்கி கடைக்குள் நுழைந்தால் கம்ப்ரஸர்கூட மூச்சை அடக்கிக்கொண்டது. இனி உயிரே போனாலும் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டாள்.

தினமும் அவளோடு பயிற்சிக்கு இறங்குகிறவள் கூடப்பிறந்த தங்கச்சி. மறுவாரம் ஒரு காலை, அவள் கழுத்து இடுக்கியின் பிடிக்குள் இருந்தது. தட்டினாள். அக்காவின் கை விடவில்லை. மறுபடி தட்டினாள். மாஸ்டர் ஓடிவந்து விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

தங்கச்சி இருமி முடிக்க வெகுநேரம் ஆனது. "நான் தட்டினா நீ விடுவேன்னு நம்பித்தான்க்கா தினமும் கழுத்தைக் கொடுக்கிறேன்," என்றாள். "இனிமே வேற ஆளைப் பாத்துக்கோ."

இடுக்கி கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வேர்த்த உடம்போடு நேரே சங்க அலுவலகத்துக்குப் போனாள். என் தங்கச்சி கழுத்தை வந்து பாருங்கள், உங்கள் விதி அங்கே சிவந்துபோய்க் கிடக்கிறது என்றாள். கூண்டுக்கு இரண்டு பக்கமும் நடுவரைப் போடச் சொன்னாள். தலைவர் சிரித்தார். தோற்றவர்கள் ஆளுக்கொரு சட்டம் கொண்டுவந்தால் சங்கம் தாங்காது என்றார்.

"சரி, எழுந்திருங்க சார். கழுத்தைக் கொடுங்க."

"என்னம்மா?"

"உங்க கிளார்க் சுவரைப் பாத்து நிக்கட்டும். நீங்க எவ்வளவு வேணும்னாலும் தட்டுங்க. அவரு பாக்காம நான் விடமாட்டேன். விதி அதுதானே?"

கிளார்க் ஏற்கெனவே சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தார். தலைவரின் கை தானாகக் காலருக்குப் போனது. கதவைப் பார்த்தார். கதவுக்கும் அவருக்கும் நடுவில் இடுக்கி நின்றாள். சிரிப்பை விட்டுவிட்டுப் பேனாவைத் தேடினார்.

அடுத்த போட்டியிலிருந்து இரண்டு நடுவர்கள். கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு பாதிப் படி இறங்கியபோதுதான், தன் தோல்வியைப் பற்றிப் பேசவே மறந்துபோனது அவளுக்கு உறைத்தது. திரும்பி, படிக்கட்டே அதிரும்படி மேலே ஏறினாள்.